மார்புக்கூட்டுக்குள் பன்னிரண்டு சித்திரங்கள்

மார்புக்கூட்டுக்குள் மணிக்கோபுரம் முதன்முதலில் தெரிந்தது ஒரு தபால்காரரின் எக்ஸ்ரேயில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, இதயத்தின் நிழல் விழ வேண்டிய இடத்தில், கட்டம் கட்டிய ஒரு சித்திரம் இருந்தது: உயரமான ஒரு கோபுரம், உச்சியில் மணி, தோளில் கயிற்றுச் சுருளோடு ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பெண். மை தொட்டு இழுத்ததுபோலக் கோடுகள் அவ்வளவு தெளிவு. டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் சளி இருக்கிறதா என்று பார்த்து, இருமல் மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். படத்தில் தெரிவதெல்லாம் வியாதி ஆகிவிடாது என்பது அவருடைய கட்சி.

படம் எடுத்தவளுக்கு அந்தக் கோபுரத்தை நன்றாகத் தெரியும். பதினான்கு வருஷமாக அந்த கிளினிக்கின் எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் விழுந்திருந்தது. அவளிடம் ‘செவிடர் நாடு’ என்ற மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, வரிசையின் பத்தொன்பது தொகுதிகளும் இருந்தன. அந்த நாட்டில் குழந்தைகளுக்கு ஏழு வயது ஆவதற்குள் காதைக் கறுப்பு நூலால் தைத்துவிடுவார்கள். கோபுரத்து மணி இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும். தையலைப் பிரித்தவர்களை இரும்புக் கவசம் போட்ட பேய்கள் வந்து தின்னும். மணியைக் கட்டியது யார், எதற்குக் கட்டினார்கள் என்பதைச் சொல்லாமலே, கை வலிக்கிறது என்று அறிவித்துவிட்டு, வரைந்தவர் பத்தொன்பதாவது தொகுதியோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விட்ட இடத்திலிருந்து வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். இணையத்தில் அவர்களுக்கென்று ஒரு மன்றம் இருந்தது. மணி என்பது செத்துப்போன தெய்வத்தின் மண்டையோடு என்றது ஒரு கூட்டம். அந்த நாடே ஒரு பேயின் கனவு என்றது இன்னொரு கூட்டம். மூச்சக்காவின் கட்சி தனி. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, தாங்கமுடியாத ஏதோ ஓர் அழுகையைக் கேட்காமலிருக்க அந்த ஜனங்களே மணியைக் கட்டினார்கள் என்று அவள் ஆறு வருஷமாக எழுதிவந்தாள். யாருடைய அழுகை என்பதுதான் பிடிபடவில்லை. நீதிபதி என்ற பெயரில் உலவிய ஒருவர், அவள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே ஒரு சொல்லைப் போடுவார்: “ஆதாரம்?”

அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே உயிர் அவளுடைய தம்பி. அவளுக்குப் பதினைந்தும் அவனுக்கு நாலும் ஆனபோது பெற்றவர்கள் இருவரும் ஒரே விபத்தில் போய்ச் சேர்ந்தார்கள். படிப்பை விட்டுவிட்டு கிளினிக்கில் தரை துடைக்கப் போனவள், அவனையும் வளர்த்து, வேலையையும் கற்றுக்கொண்டாள். முதல் தொகுதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான், பத்தாவது படிக்கும்போது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தபின் மங்காவெல்லாம் அவனுக்கு விட்டுப்போனது. ஆனாலும் சாப்பாட்டு மேஜையில் அக்கா ஆரம்பித்தால், எண்ணெய்க் கறை போகாத விரல்களால் தட்டைத் துழாவிக்கொண்டே, “சரி, அப்புறம்?” என்பான்.

தபால்காரரின் படத்தை அவள் மன்றத்தில் போட்டாள். நானூறு பேர் வாயைப் பிளந்தார்கள். நீதிபதி மட்டும், நீயே வரைந்திருக்கலாமே, ஆதாரம் என்ன என்றார். அந்த வெள்ளிக்கிழமை தபால்காரரின் மனைவி அவரைக் கையைப் பிடித்து கிளினிக்குக்கு அழைத்துவந்தாள். “முப்பது வருஷமா ஒரே தலையணை, டாக்டர். இப்ப என்னைப் பார்த்து, தபால் வாங்க வந்தீங்களாம்மான்னு கேக்குறாரு.” டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கல்யாணத்திலிருந்து இன்றுவரை உள்ள வருஷங்கள் மட்டும் துடைத்துவிட்டதுபோலக் காணாமல் போயிருந்தன.

இரண்டாவது சித்திரம் ஒரு தையல்காரிக்குத் தெரிந்தது. அதையும் மூச்சக்கா மன்றத்தில் போட்டாள். தையல்காரி தன் தொழிலை மறந்துபோய், மெஷினைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். மூன்றாவது, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு. இந்தமுறை மூச்சக்கா படத்தை ஒரு மாதம் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தாள். தினமும் காலையில் வேனை நிறுத்தி அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். பிள்ளைகள் பெயர், மாமனார் ஊர், போன வாரம் பார்த்த சினிமா, எல்லாம் கடகடவென்று சொன்னார். முப்பத்தோராம் நாள் மத்தியானம் படத்தைப் போட்டாள். சாயங்காலம் அவர் தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த சொந்த மகளிடம், உன் வீடு எது பாப்பா என்று கேட்டார். மூச்சக்கா இதையெல்லாம் எதிர்ப்பக்கத்துக் கடை வாசலில் நின்று பார்த்தாள். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். அடுத்த வாரம் நாலாவது சித்திரம் கிடைத்தபோது அன்றைக்கே போட்டுவிட்டாள்.

இரண்டு வருஷத்தில் பதினொன்று சேர்ந்தன. ஊரும் பழகிக்கொண்டது. எக்ஸ்ரேயில் சித்திரம் தெரிந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று கிளினிக் வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். மறந்துபோனவர்களிடம் பழசை எடுத்துச் சொல்லக்கூடாது என்றும் ஒரு வழக்கம் உண்டானது. தபால்காரரின் மனைவி காலையும் மாலையும் கல்யாண போட்டோவைக் காட்டிக்கொண்டே இருந்ததில், மனுஷர் பயந்துபோய்த் தபாலாபீஸ் பக்கத்திலேயே தனி அறை எடுத்துப் போய்விட்டார். அதைப் பார்த்தபின் யாரும் வாயைத் திறக்கவில்லை. இதற்கெல்லாம் காரணம் மூச்சக்காதான் என்று சிலர் சாடைமாடையாகப் பேசினார்கள். ஆனால் எலும்பு முறிந்தால் வேறு எங்கே போவது?

பதினொரு சித்திரங்களையும் வரிசையாக வைத்தால் அவள் சொன்னதுதான் தெரிந்தது. ஜனங்களே மணியை வார்த்தார்கள், தூக்கினார்கள், கட்டினார்கள், ஆளுக்கு ஆள் காதைத் தைத்துக்கொண்டார்கள். முதல் காதைத் தைத்தது யார், எந்த அழுகைக்காக என்ற ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. ஆறு மாதம் எத்தனையோ மார்புகளைப் படமெடுத்தாள். வெறும் விலா எலும்புகள்தான் வந்தன.

அந்த மழைக்காலத்தில் தம்பி இரும ஆரம்பித்தான். டாக்டர் எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். பஸ் ஏறினால் பக்கத்து ஊரில் வேறொரு கிளினிக் இருந்தது. அங்கே போடா என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றான்.

“எனக்குள்ள என்ன இருக்கப்போகுது, வெறும் கிரீஸ்தான்” என்று சிரித்தான். பிறகு திரும்பாமலே சொன்னான்: “அப்படியே ஏதாவது வந்தாலும் நீ போட மாட்டே, இல்லக்கா?”

“பேசாதடா, படம் ஆடிடும்” என்றாள் அவள்.

படம் ஆடவில்லை. சாத்திய ஒரு கதவு. வெளியே, வாயைத் திறந்து அழும் நாலு வயதுப் பையன். உள்ளே, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, ஊசியில் கறுப்பு நூலைக் கோத்துக்கொண்டிருக்கும் இரட்டைச் சடைப் பெண். பெற்றவர்கள் போன பின் தம்பி மூன்று மாதம் ஓயாமல் அழுதான். ஒருநாள் தாங்கமாட்டாமல் அவனை பால்கனியில் தள்ளிக் கதவைத் தாழ்போட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். திறந்தபோது அவனுக்கு அனலாகக் காய்ச்சல். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவனுக்கு நினைவிருக்கும் என்று நினைத்ததும் இல்லை. இருபத்து மூன்று வருஷம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவன் சரி, அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

படத்தை ஒன்பது நாள் டிராயரில் வைத்திருந்தாள். அந்த பால்கனி நாள் அவன் மனசில் இல்லாமல் போனால் அவனுக்கும் நல்லதுதானே என்று ஐந்தாவது நாளிலிருந்து தனக்குத்தானே சொல்ல ஆரம்பித்தாள். பத்தாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், டிபன் டப்பாவைத் திறக்காமல், படத்தைப் போட்டாள்.

நீதிபதியின் பதில் அரை மணி நேரத்தில் வந்தது. முதல்முறையாக அவர் ஆதாரம் கேட்கவில்லை. “சரிதான். ஆனா இதை நான் அஞ்சு வருஷம் முன்னாடியே சொல்லிட்டேன்” என்று எழுதி, தன் பழைய பதிவைக் காட்டியிருந்தார். அவள் போய்ப் பார்த்தாள். அக்கா, தம்பி, கதவு, ஊசி என்று இரண்டே வரி. அவர் சொன்னது உண்மைதான். எழுபது பேர் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அடுத்த வாரம் மன்றம் வேறொரு மங்காவுக்கு மாறிவிட்டது.

அவள் வீட்டுக்குப் போனபோது தம்பி வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்பதுபோல நின்றிருந்தான். சட்டைப்பையில் இந்த வீட்டு விலாசம் எழுதிய சாவி இருந்ததால் வந்தேன் என்றான். நாலு வயதுக்கு மேல், வேலையைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. லிஃப்டின் ஒவ்வொரு கம்பியும் தெரிந்தது. யார் தன்னை வளர்த்தார்கள் என்று தெரியவில்லை. ஊர் வழக்கப்படி அவளும் சொல்லவில்லை. மாடி அறை உங்களுடையதுதான் என்று மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து அவன் அங்கே குடியிருப்பவனாக இருக்கிறான். மேடம் என்று கூப்பிடுகிறான். சாப்பிட்ட தட்டை உடனே கழுவிக் கவிழ்த்துவிட்டு நன்றி சொல்கிறான். இருமல் போய்விட்டது. கிளினிக்கில் இன்னமும் எப்போதாவது ஒருவருக்குச் சித்திரம் விழுகிறது. வேறு ஏதோ கதையின் காடுகள், ராட்சதர்கள். டாக்டர் சித்திரத்தின் ஓரங்களைப் பார்த்து மருந்து எழுத, மூச்சக்கா படத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேஜையில், தான் ஒரு பையனை வளர்த்த கதையை அவள் ஆரம்பித்தாள். பால்கனியையும் விடவில்லை. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, பிறத்தியார் வீட்டுக் கதையைக் கேட்கும் மரியாதையோடு கடைசிவரை கேட்டான்.

“பாவம் மேடம், அந்தப் பையன்” என்றான். “இப்ப எங்க இருக்கான்?”

வெளியூரில் லிஃப்ட் வேலையில் இருக்கிறான் என்றாள் அவள். அவன், நல்ல வேலைதான், கை சுத்தமாக இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போனான்.