கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

நல்லையாவுக்குக் கடவுள் ஆறடி உயரத்தைக் கொடுத்துவிட்டு, குரலை மட்டும் கொசுவிடம் இரவல் வாங்கிக் கொடுத்திருந்தார். ரப்பர் ஆலைச் சங்கத்தின் புதிய செயலாளர் அவர். மேடையேறினால் முன்வரிசைக்கு உதடு அசைவது தெரியும். பின்வரிசைக்கு அதுவும் தெரியாது.

"அண்ணே, உங்க பேச்சைக் கேக்கணும்னா சட்டைப் பாக்கெட்டுக்குள்ளதான் வந்து உக்காரணும்" என்பான் ஆலைத் தொழிலாளி தேவதாஸ். முதலில் சிரிப்பவர் நல்லையாதான்.

பழைய செயலாளர் கருணாகரனுக்கு வெண்கலக் குரல். ஒரு மாலை ஜீப் வந்து அவரை ஏற்றிப் போனது. அவருடைய சைக்கிள் இன்னும் காஜா பெராங்கில் உள்ள சங்கக் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. சங்கிலி துருப்பிடித்துவிட்டது. யாரும் அதை நகர்த்துவதில்லை. ஒதுங்கித்தான் உள்ளே போகிறார்கள்.

அடுத்த வருஷம் இந்த நாட்டுக்கும் சுதந்திரம் என்று ஊரெல்லாம் பேச்சு. அவசரகாலச் சட்டம் மட்டும் போகிற வழியாக இல்லை. நல்லையாவையும் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு எச்சரித்திருந்தார்: ஸ்ட்ரைக் என்று அவர் சொல்வதைத் தம் ஆள் ஒரு தடவை காதால் கேட்டால் போதும், இந்த மண்ணில் பிறக்காதவருக்கு அடுத்த கப்பலில் நாகப்பட்டினம்தான். அந்த ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஸ்ட்ரைக் என்று சொல்லியே ஆகவேண்டும். ஒலிபெருக்கிக்கு பெர்மிட் கிடைக்கவில்லை.

வாசலில் நின்று கூப்பிட்டாலே அடுத்த லோரோங் சந்தில் மேயும் கோழி வீடு திரும்பும்படியான குரல், அவர் மனைவி கமலவேணிக்கு. அவளே அவரைத் தென்னந்தோப்புக்கு இழுத்துப் போனாள்.

"தொண்டையைக் கிழிச்சுக்காதீங்க. மூச்சை வயித்துக்கு இறக்குங்க. முன்னால உக்காந்திருக்கவனை மறந்துட்டு, கடைசி ஆளைப் பாத்துப் பேசுங்க. நான் கையைத் தூக்கினா கேக்குதுன்னு அர்த்தம். இறக்கினா இன்னும் சத்தமா!"

முதலில் வாத்துகள் மட்டும் மிரண்டு ஓடின. போகப்போகத் தோப்பின் மறுகோடியில் கை உயர்ந்தது. ஒருநாள் சாப்பாட்டில் "ரசம் ஊத்து" என்றதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து "இதோ" என்று பதில் வந்தது.

"கூட்டத்துல வேவுகாரன் இருந்தா ஸ்ட்ரைக் பேச்சை எடுக்க மாட்டேன்" என்றார் நல்லையா.

"பின்னால நிக்கிறேன். நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை திடல் நிரம்பியது. மாமரத்தடியில், கடைசி வரிசையில், கமலவேணியின் கை உயர்ந்தே இருந்தது. நல்லையா பேசப்பேசக் கூட்டம் நிமிர்ந்தது. தேவதாஸ் வாயைப் பிளந்தான். குடை பிடித்த ஒருவர் வந்து கமலவேணி பக்கத்தில் நின்றார். காற்று அடித்தது. அவள் கை சட்டென்று இறங்கியது.

கேட்கவில்லை போலிருக்கிறது. நல்லையா மூச்சை வயிற்றுக்கு இறக்கினார்.

"நாளைக் காலையில ஒருத்தரும் ஆலைக்குள்ள கால் வைக்கக் கூடாது. ஸ்ட்ரைக்!"

கை இன்னும் கீழே போனது. கீழே, கீழே என்று பதறியது. அவர் கடைசி ஆளைப் பார்த்து, உடம்பெல்லாம் குரலாகி, மறுபடி முழங்கினார். மாமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. கைதட்டல் ஓயவே இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள் கமலவேணி. "காத்துல அந்தாளு சட்டை தூக்குச்சுங்க. இடுப்புல துப்பாக்கி. கத்தப் பாத்தேன், சத்தமே வரல. கையை இறக்கினேனே..."

குடைக்காரர் பின்னாலேயே வந்து, மரியாதையாகக் குடையை மடக்கினார்.

"நல்லா கேட்டுச்சுங்க ஐயா. இத்தனை மாசமா உங்க கூட்டத்துக்கு வந்து சும்மா திரும்பிப் போயிட்டிருந்தேன்." சாலையோரம் நின்ற ஜீப்பைப் பார்த்துத் தலையசைத்தார். "சைக்கிள்லயா வந்தீங்க? கொட்டகையில சாத்திட்டு வாங்க."

அங்கே ஒரே ஒரு சுவர்தான். கருணாகரனின் சைக்கிளுக்குப் பக்கத்தில் தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நல்லையா மனைவியிடம் ஏதோ சொன்னார். பழைய குரல் திரும்பியிருந்தது. அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"சங்கிலிக்கு அப்பப்ப எண்ணெய் போடு, வேணி. ரெண்டுக்கும்."