யாருக்குச் சொன்ன சரி

குழந்தைகளிடம் "ஊசி வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எறும்பு கடித்தால் வலிக்காதா என்ன? எங்கள் பிரிவுக்கு வந்த அன்றே அந்தச் சிறுமியும் அதைத்தான் கேட்டாள். ஒன்பது வயது. தலையில் முடி இல்லை, வாய்க்கு மட்டும் குறைவில்லை. டாக்டர் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தார்.

நான் குழந்தைகளுக்கான மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் நர்ஸ். ரத்தப் புற்றுநோய்க்கு இருக்கிற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகுதான் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். புது மருந்தை எவ்வளவு கொடுத்தால் பிஞ்சு உடம்பு தாங்கும் என்று பார்ப்பது எங்கள் வேலை. குணமாக்குவோம் என்று நாங்கள் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் பெற்றவர்களுக்கு அப்படித்தான் காதில் விழும். அதற்கு யாரைக் குறை சொல்வது?

இங்கே ஒரு விதி உண்டு. பெற்றவர்கள் சம்மதித்தால் மட்டும் போதாது. விவரம் தெரிந்த பிள்ளை என்றால், ஒவ்வொரு சுற்று மருந்துக்கு முன்னாலும் அதுவும் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். கேட்பது என் பொறுப்பு. கொஞ்சிக் கேட்கக் கூடாது, மிரட்டியும் கேட்கக் கூடாது. பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

முதல் சுற்றுக்கு முன்னால் வக்கீலம்மா என்னைக் குறுக்கு விசாரணையே செய்துவிட்டாள்.

"இந்த மருந்து எனக்கா, உங்களுக்கா சிஸ்டர்?"

"அநேகமா உனக்குப் பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்குடா கண்ணு. உனக்கும் கேட்டுச்சுன்னா எனக்குச் சந்தோஷம். ஆனா கேக்கும்னு என்னால சொல்ல முடியாது."

கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல, போடுங்க சிஸ்டர்" என்றாள். பக்கத்தில் அவளுடைய அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் என்ன விழுந்ததோ, தெரியாது.

மருந்து அவளைப் புரட்டிப் போட்டது. வாயெல்லாம் புண். தண்ணீர் குடிக்கவே அழுதாள். கேள்வி கேட்பதும் நின்றுபோனது. நோய் குறையவில்லை, தொடர்வதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று டாக்டர் அம்மாவிடம் வெளிப்படையாகவே சொன்னார். அம்மாவோ தொடரலாம் என்றாள். அவர் சொல்லி முடிக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை.

அன்று நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"சிஸ்டர், கொஞ்சம் பார்த்துக் கேளுங்க. நீங்க சொன்னா அவ தட்ட மாட்டா."

"நான் சொல்லக் கூடாதும்மா. கேக்கத்தான் முடியும்."

"உங்களுக்கென்ன, விதியப் பேசிட்டுப் போயிடுவீங்க. எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்."

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஏதாவது சொல்லி வைப்பேன் என்று பயந்து குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

வக்கீலம்மாவின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இன்னிக்கு அடுத்த சுற்று மருந்து இருக்கு. போட்டுக்கலாமா, வேண்டாமா? எதைச் சொன்னாலும் யாரும் உன்னைக் கோவிச்சுக்க மாட்டோம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"சரிம்மா" என்றாள்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி மருந்துப் பையைத் தொங்கவிட வேண்டியதுதான் பாக்கி. எனக்குக் கை எழவில்லை. நான் அவளுக்கு சிஸ்டர். கோபத்திலும் சிஸ்டர்தான், வாந்திக்கு நடுவிலும் சிஸ்டர்தான். கேட்டது நான். பதில் போனது அம்மாவுக்கு.

"கொஞ்ச நேரம் வெளியில இருங்கம்மா" என்றேன். முறைத்துக்கொண்டே போனாள்.

"இப்ப எனக்குச் சொல்லு."

போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "வேண்டாம் சிஸ்டர். வீட்டுக்குப் போகணும்." உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுக்கிட்டு அழுறாங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிறாங்க."

"வீட்டுக்குப் போனா அப்புறம் என்ன ஆகும்னு தெரியுமாடா?" கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"தெரியும்" என்றாள்.

தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியே அம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று நான் திணறிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்.

"அவ எனக்காகத்தானே சரின்னு சொன்னா?"

நான் அறைக் கதவை மெல்லச் சாத்தினேன்.

"எனக்கும் தெரிஞ்சுது சிஸ்டர். பெத்தவளுக்குத் தெரியாதா? நீங்க கவனிக்கலன்னா அப்படியே போட்டுரலாம்னு பார்த்தேன்."

அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். எதிரே தள்ளுவண்டியில் மதியச் சாப்பாடு போனது. யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. சத்தமே இல்லாமல் அழுதாள். சத்தம் போட்டு அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிறகு எழுந்து முகம் கழுவி, புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"அடியே, இந்த டாக்டர் ஒரு குண்டத் தூக்கிப் போட்டுட்டாரு" என்றாள், கடையில் சரக்கு வரவில்லை என்கிற மாதிரி சாதாரணமாக. "உன் உடம்புக்கு இந்த மருந்து ஒத்துக்காதாம். இனிமே போடவே கூடாதாம். நாம கிளம்பலாம், வா."

வக்கீலம்மா என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை என்று மெல்லத் தலையசைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. புண்ணான உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "போம்மா, நான் போட்டுக்கலாம்னு ஆசையா இருந்தேன்" என்றாள்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு சமாதானப்படுத்தினாள். அவளும் சட்டென்று சமாதானமாகிவிடவில்லை.