மருமகன் கீ

"அந்தோனிமுத்து!"

பரீட்சை அறைக் கதவைத் திறந்து யாரோ கூப்பிட்டதும், வெளியே காத்திருந்த விமலராணி திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேலைக்குப் போன மனுசன் பரீட்சைக்கு எதற்கு வந்தான் என்று குழம்பினாள். பிறகுதான் டெனிஷ் கடதாசிகளில் அந்தோனிமுத்து என்பது தானும்தான் என்ற நினைவு வந்தது. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசமாகியும் அந்தப் பெயர் அவள் காதில் ஒட்டவில்லை.

டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகர முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு, நாற்பத்தாறு வயதில் தாதிப் படிப்பில் சேர ஆசை. அதற்கு வரலாறும் வேண்டுமாம். ஊசி போடுவதற்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தமோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். மற்றப் பாடங்கள் எல்லாவற்றிலும் சித்தியடைந்துவிட்டாள். இன்று கோட்டை விட்டால் இன்னும் ஒரு வருசம் காத்திருக்க வேண்டும்.

உள்ளே, படிப்பித்த ஆசிரியை மெட்டேயும் வெளியூரிலிருந்து வந்த தாடிக்காரத் தேர்வாளரும் இருந்தார்கள். வாய்மொழிப் பரீட்சை. புத்தகம் கொண்டுபோக முடியாது, சொந்தக் குறிப்பு மட்டும்தான். விமலராணி வாசித்தது டெனிஷில், குறிப்பு எடுத்தது தமிழில். அவசரத்துக்குக் கை தமிழில்தான் ஓடும்.

கிடைத்த தலைப்பு, வல்மொந் என்ற பழைய பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் பட்டம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது. அந்தக் குடும்பத்தில் பெயருக்குப் பெரும் பஞ்சம். ஊக்கின் மகன் கீ, கீயின் மகன் ஊக். அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"இரண்டாவது ஊக் இறந்ததும் பட்டம் யாருக்குப் போனது?" தாடிக்காரர் கேட்டார்.

"கீக்கு."

"எந்தக் கீ? ஊக்கின் சகோதரியுடைய மகன் ஒரு கீ. மகளைக் கட்டியவன் இன்னொரு கீ."

அவள் குறிப்பைப் பார்த்தாள். 'ஆண்பிள்ளை இல்லை. மகள் அலிஸ், வயது 12. பட்டம் மருமகன் கீக்கு.'

மருமகன்! சகோதரியின் மகனும் மருமகன்தான், மகளைக் கட்டியவனும் மருமகன்தான். எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருந்தது! இப்போது எழுதியவளே முழிபிதுங்கி நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளாய் இருக்கேலாதோ?" என்று கேட்டுப் பார்த்தாள். மாமன் மகளைக் கட்டுவது ஊரில் என்ன புதினமா?

"அந்தக் காலத் திருச்சபை அதற்குச் சம்மதிக்காது," என்றார் அவர். மெட்டே வாயைப் பொத்திச் சிரித்தாள்.

எழுதிய நாளை நினைத்துப் பார்த்தாள். குசினி மேசை, ஆறிப்போன தேத்தண்ணி. இந்த இடத்துக்கு வந்ததும் 'பாவம் அந்தப் பெட்டை' என்று வாய்விட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. ஏன் பாவம்? அப்பன் பட்டத்தை மச்சான் கொண்டுபோனதாலா? பாவாடை கட்டுகிற வயதில் எவனுக்கோ கட்டிக்கொடுத்ததாலா? இரண்டுக்கும் பாவம் பொருந்தியது. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எனக்குத் தெரியேல்லை," என்றாள். "எங்கட பாஷையில ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லுத்தான். ஆனா எந்தக் கீ வந்தாலும், அலிசை ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேட்டிருக்க மாட்டினம். அது மட்டும் தெரியும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடமும் ஒரு வருசம் வீணாய்ப் போச்சு என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பக் கூப்பிட்டு, "நாலு," என்றாள் மெட்டே. இரண்டு எடுத்தாலே சித்தி. விமலராணி கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

"அது எந்தக் கீ எண்டு சொல்லுங்கோவன்."

"மகளைக் கட்டியவன்," என்றார் தாடிக்காரர். "பட்டம் உண்மையில் அலிசுக்குத்தான் வந்தது. அவள் பெயரால் அவன் ஆண்டான்."

அவள் பேனையை எடுத்து 'மருமகன் கீ' என்பதை வெட்டினாள். அதற்கு மேலே, 'அலிஸ். பிறகு அலிசின் புருஷன்' என்று எழுதினாள்.

தாடிக்காரர் எழுந்து கை நீட்டினார். "வாழ்த்துக்கள், அந்தோனிமுத்து."

இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"விமலராணி," என்றாள். "அந்தோனிமுத்து என்ர புருஷன்."