செலினின் உயரம்

காலை ஐந்தரைக்கு இக்னேஷியஸ் பல் துலக்குவான், பால் காய்ச்சுவான், மனைவி செலினைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி அவள் உயரத்தைப் பென்சிலால் குறிப்பான், பிறகு பாடியில் இருக்கும் தொழிற்சாலைக்குக் கிளம்புவான். 1986இல் பட்டாபிராமுக்கு மணமாகி வந்தபோது அவள் ஐந்தடி இரண்டங்குலம். 1990 ஈஸ்டருக்கு மூன்றடி.

அட்ஜஸ்ட் என்றால் இயந்திரத்தின் திருகைத் தேவைக்கேற்ப முடுக்குவது என்று கல்லூரியில் படித்திருந்தான். வழக்கில் அதன் பொருளைப் பெண் பார்க்கப் போன அன்றுதான் கற்றான். "எங்க பொண்ணு எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்றார் அவள் அப்பா, கூடுதலாக இரண்டு சவரன் போடுகிற குரலில்.

ஒற்றை அறை வீடு. அவன் தங்கை ஞானகுமாரி புருஷனோடு வந்து தங்கியதும் கட்டில் அவர்களுக்குப் போனது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றாள் அவன் அம்மா லூர்தம்மாள். செலின் ஒரு விரற்கடை குறைந்தாள். குழம்பில் மீன் தீர்ந்த நாள்களில் இக்னேஷியஸே சொன்னான்; அதற்கு அரை விரற்கடை. அந்த வார்த்தையைச் சொன்ன வாயில் சாக்கடை நாறும். அவன் கிராம்பை மென்றுவிட்டு மறுபடி சொன்னான்.

"இப்டியே போனா அண்ணி டிபன் டப்பாலயே பூந்துடும்ணே. டிரெயின் டிக்கெட் மிச்சம்" என்றாள் ஞானகுமாரி. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

1993 ஐப்பசியில் செலினுக்கு மஞ்சள் காமாலை. அப்போது ஒரு முழம் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பேர். நர்ஸும் அதே வார்த்தையைச் சொல்லி, அவளை வேறொருத்தியின் கால்மாட்டில் கிடத்தினாள். மூன்றாம் நாள் மதியம் செலின் இறந்தாள்.

தச்சர் நாகப்பன் முழ நீளப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது, அவள் பாயில் ஐந்தடி இரண்டங்குலத்துக்குக் கிடந்தாள். யாரும் வியக்கவில்லை. பெட்டி பத்தாதே என்றுதான் பேசினார்கள்.

"இன்னாத்துக்கு வேற பொட்டி? முட்டிய மடக்கி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் நைனா" என்றார் நாகப்பன்.

இக்னேஷியஸ் அங்கேயே வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, பெரிய பெட்டி வரும்வரை அவளை எவரும் தொடக்கூடாது என்றான். அது மறுநாள் காலைதான் வந்தது. அதுவரை பாயருகே நின்றான்.

'ஏசுவே' என்று சொல்லித்தான் மருமகள் கண்ணை மூடினாள் என்று லூர்தம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவன் மறுப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் அவன் உட்கார்ந்திருந்தபோது செலின் கடைசியாகச் சொன்னது: "கொஞ்சம் நவுந்து குந்துங்க. காலு நீட்டணும்."