நசீமாவுக்கு ஒரு இங்கிலீஷ் வியாதி

பக்கத்து வீட்டு நசீமா அன்று என்னிடம் ஒரு வியாதி கேட்டு வந்தாள்.

"கனகாக்கா, இங்கிலீஷ்ல ஏதாவது பெருசா சொல்லுங்க. அடுத்த வாரம் என் தங்கச்சிக்கு நிக்காஹ். கீழ்பென்னாத்தூர் போயே ஆவணும்."

போக விடாதவர் அவள் மாமனார் குலாம் ரசூல், மெத்தைக் கடைக்காரர். மகன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் தன் தட்டில் வெறும் எலும்பாகப் போட்டுவிட்டார்கள் என்று கோபம். பிரியாணி செரித்து இரண்டு வருஷம் ஆகியும் கோபம் செரிக்கவில்லை. பத்திரிகை வைக்க வந்த நசீமாவின் அப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். நசீமாவின் புருஷன் அய்யூப், அப்பா முன்னால் வாயே திறக்க மாட்டான். அவனைப் பற்றிப் பேசி நான் ஏன் என் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அது எழுபத்தெட்டாம் வருஷம். வேலூரிலிருந்து வந்து போகும் நரம்பு டாக்டரிடம் நான் டைப்பிஸ்ட். மூளைக்கும் நரம்புக்கும் மனசுக்கும் இங்கிலீஷில் உள்ள அத்தனை வார்த்தைகளும் என் விரல் நுனியில். புடவைக் கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.

"மைக்ரேன்?"

"வெறும் தலைவலின்னு தைலம் குடுத்துருவாரு."

"ஹிஸ்டீரியா?"

"தாயத்து கட்டிடுவாரு."

"டென்ஷன்?"

"அது மாமாவுக்கே ஜாஸ்திக்கா. எனக்குத் தர மாட்டாரு."

"நியூராஸ்தீனியா" என்றேன். நரம்பு ஓய்ந்துபோவது என்று அர்த்தம். நசீமா சொல்லிப் பார்த்தாள். நாக்கு சுளுக்கிக்கொண்டது. முகம் மலர்ந்துவிட்டது. "இதுதாங்க்கா!"

மறுநாளே படுத்துவிட்டாள். குலாம் ரசூல் நேரே என்னிடம் வந்தார்.

"ஏம்மா கனகா, நெசமாவே அப்டி ஒரு வியாதி இருக்குதா?"

"இருக்குது பாய். பொறந்த ஊர் காத்து பட்டா சரியாவும்."

அவர் நம்பவில்லை. வியாபாரி அல்லவா, இன்னொரு இடத்தில் விசாரித்தார். எங்கள் ஊர் ஆசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் மெத்தை வாங்க வந்திருக்கிறார். "மை டாட்டர்-இன்-லா, நியூராஸ்தீனியா" என்று இவர் சொல்ல, அந்த மனுஷன் நெஞ்சில் கை வைத்து, "ரெஸ்ட், ரெஸ்ட்" என்றாராம். பாய் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடி வந்து, நசீமாவைப் பிறந்த ஊருக்கு அனுப்பச் சம்மதித்தார். நான் சொன்னால் சந்தேகம், வெள்ளைக்காரர் சொன்னால் வேதவாக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் காரியம் ஆயிற்றே.

வியாதிக்காரியைத் தனியாக அனுப்பலாமா என்று மாமியார் கைசர் ஜஹானும் துணைக்குக் கிளம்பிவிட்டார். கல்யாண வீட்டில் நசீமா ஓடியாடுவதைப் பார்த்தால் மாமியாருக்கு எல்லாம் தெரிந்துவிடாதா?

அவர்கள் திரும்பி வந்தபோது நான் வாசலில்தான் நின்றிருந்தேன். இருவர் கையிலும் மருதாணி.

"இது என்னா?" என்றார் குலாம் ரசூல்.

"நரம்புக்குக் குளிர்ச்சிங்க" என்றார் கைசர் ஜஹான், கண் இமைக்காமல். "கூட இருக்கறவங்களும் வெச்சுக்கணுமாம்."

பாய் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் பாயம்மா கைசர் ஜஹான் என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார். "கனகா, அது நீ குடுத்த வியாதிதான்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் பாயம்மா சும்மா இருந்தீங்க?"

"பாவம், அவளாவது போய்ட்டு வரட்டுமேன்னுதான்." சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவருக்குக் குரல் கம்மியது. "எங்கண்ணன் ஆரணியில படுத்த படுக்கையா கெடக்குறாரு. அவருக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. நானும் நெஞ்சுவலின்னு தமிழ்ல சொல்லிப் பாத்துட்டேன், உருதுலயும் சொல்லிப் பாத்துட்டேன். விட மாட்டேங்குறாரு. எனக்கும் ஒண்ணு குடும்மா. நசீமாவுக்குக் குடுத்தத விடப் பெருசா."

டாக்டர் என்னை டைப் அடிக்கச் சொன்னதிலேயே நீளமானதைத் தேடி எடுத்து, அவர் வாயில் நிற்கும்வரை சொல்லிக் கொடுத்தேன்.

"இது சரியாவ எத்தினி நாள் ஆவும்?" என்று கேட்டார்.

"உங்கண்ணன் எழுந்து நடமாடுற வரைக்கும், பாயம்மா."