காளான்மேல் உட்கார்ந்த ஈ

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஊரார் கண்ணில் உள்ள கோளாறெல்லாம் அத்துப்படி. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவர் பார்ப்பது ஈக்களை. யார் யாரோ காடுமேடெல்லாம் அலைந்து எடுத்து இணையதளத்தில் போடும் ஈப் படங்களைப் பெரிதாக்கி, இறக்கை நரம்புகளை எண்ணி, இது இன்ன ஈ என்று காரணத்தோடு கீழே எழுதுவார். மூன்று வருடமாகச் சம்பளமில்லாத இந்த உத்தியோகத்தில் அவருக்கு ஒரே ஓர் ஆசை: சரிபார்ப்பாளர் பட்டியலில் இடம் பிடிப்பது. அதை முடிவு செய்கிற பேராசிரியை, "இன்னும் ஒன்று சரியாகச் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்று போன வாரம்தான் எழுதியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு படம் வந்தது. அனுப்பியவர் பெயர் 'சும்மாதான்'. வழவழவென்று ஒரு பழுப்பு மேடு, அதன்மேல் ஒரு சின்ன ஈ. வீட்டு ஈ என்றால் இறக்கையின் நாலாவது நரம்பு வளைந்திருக்கும். ஆனால் சரியாக அந்த இடத்தில் ஒரே பளபளப்பு. கண்ணாடிக்கடைக்காரர் தயங்கவில்லை, நரம்பை விட்டார், மேட்டைப் பிடித்தார்.

"முற்றிய காளான். ஓரத்தில் கரும்புள்ளி, ஆங்காங்கே வெள்ளை நார். ஆகவே இது காளானில் மட்டும் வாழும் அரிய ஈ" என்று எழுதிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார்.

சாப்பாட்டுக்கு நடுவில் மனைவி தன் போனைப் பார்த்தபடி கேட்டாள்: "ஏங்க, பேராசிரியம்மா அந்தக் காளான்ல ஒரு துண்டு வெட்டி அனுப்பச் சொல்றாங்க. கத்தி எடுத்துட்டு வரட்டுமா?"

"உன்கிட்ட எதுக்குச் சொல்றாங்க?"

"நான்தானே 'சும்மாதான்'. ஞாயித்துக்கிழமை நீங்க சோபாவுல குறட்டை விட்டப்ப எடுத்தது."

அவர் கை தானாக மேலே போனது. வழுக்கை. அதன் ஓரத்தில், பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் மச்சம்.

"முற்றிய காளானாம்!" என்று அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்டி, சிரிக்கிற விஷயமா இது? மூணு வருஷ உழைப்பு!"

"சரி சரி, நான் வாயே திறக்கல. காளான்னே இருக்கட்டும்."

அதுதான் வினை. அவள் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பட்டியலில் பெயரும் வந்துவிடும். சோறு ஆறிப்போகும்வரை யோசித்தார். பிறகு ஒற்றை விரலால் எழுதினார்: "திருத்தம். உட்கார்ந்திருக்கும் இடம் என் தலை. நரம்பு தெரியவில்லை. என்ன ஈ என்று சொல்ல முடியாது."

கை கழுவிவிட்டு வருவதற்குள் பேராசிரியையின் பதில் வந்திருந்தது.

"தெரியாததைத் தெரியாது என்று எழுத இந்தத் தளத்தில் ஆள் இல்லை. நாளையிலிருந்து நீங்களும் சரிபார்க்கலாம். படம் எடுத்தவருக்கு ஒரு குறிப்பு: பளபளப்பு அதிகம். அடுத்த முறை கொஞ்சம் பவுடர் போட்டுவிட்டு எடுக்கவும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி பவுடர் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.