நான் இழுத்த ஒயர்கள்

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்து கொட்டகையின் கதவைத் தூக்கினேன். என் ஒயர்கள் அத்தனையும் தரையில் கிடந்தன. கழற்றக்கூட இல்லை, கட்டிங் பிளேயரால் வெட்டி வீசியிருந்தார்கள். முனைகளில் நான் எழுதி ஒட்டிய சீட்டுகள் அப்படியே இருந்தன. இடது பின்விளக்கு. ஹாரன். பெட்ரோல் முள். காருக்குள் தலையை விட்டுப் பின்பக்கத்தை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு யாரோ ஒருத்தன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி நொரீனின் அண்ணன் மால்கம் டீயோடு பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் குனிந்து டீயைப் பார்த்தான்.

"யாரு இது?"

"கிரெய்க். ஆட்டோ எலக்ட்ரீஷியன். கோவப்படாத மாப்ள. செவ்வாக்கிழமை வண்டிய ரோட்டுல விடறதுக்கு டெஸ்ட் இருக்கு."

அந்தக் கார் பெட்டி பெட்டியாகத்தான் எங்களிடம் வந்தது. அடிச்சட்டம் ஒரு லாரியில், ஃபைபர் உடம்பு இன்னொரு லாரியில், எஞ்சின் காயலான் கடையிலிருந்து. பாதி அவனுடையது, பாதி என்னுடையது. மூன்று வருஷமாக அவனுடைய கொட்டகையில் பூட்டிக்கொண்டிருக்கிறோம். சட்டமும் எஞ்சினும் அவன் பொறுப்பு. ஒயரிங்கை மட்டும் நான் செய்கிறேன் என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். இப்படிப் பாகமாக வாங்கி கிட் கார் கட்டுகிறவர்கள் மாதாமாதம் கூடுகிற பப்பில், "லென், மத்ததெல்லாம் நீயே பண்ணு, கரண்ட்ட மட்டும் தெரிஞ்சவன்கிட்ட விடு" என்றார்கள். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. இரும்பு வார்க்கிற பவுண்டரியில் முப்பது வருஷம் மணல் அள்ளியவன் நான். நாற்பத்தேழு வயதில்தான் டட்லி நூலகத்து மாலை வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்து முடித்த முதல் புத்தகம் கார் ஒயரிங் பற்றியது. ஒரு குளிர்காலம் முழுக்க, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு படித்தேன். பழுப்பு எப்போதும் கரண்ட் இருக்கிற ஒயர், கறுப்பு எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், பச்சை பியூஸ் வழியாக வருவது. அதற்குமுன் ஒரு புத்தகம் சொல்லி எதையும் நான் செய்ததில்லை.

எல்லாம் வேலை செய்தது, ஒன்றைத் தவிர. இண்டிகேட்டர் போட்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் பின்விளக்குகள் எல்லாம் மங்கிப்போய் ஒன்றாகத் துடிக்கும். மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஞாயிறுவரை விடு என்று வியாழக்கிழமை மால்கமிடம் கேட்டேன். சரி என்றுதான் சொன்னான்.

"ஞாயிறுன்னு சொன்னேன்ல?"

"ஞாயிறு வந்தா டெஸ்டுக்கு நாளே மிஞ்சாதேன்னு..."

கிரெய்க் தலையை வெளியே எடுத்தான். சின்ன வயசுதான், முப்பது இருக்கும். காலால் ஒரு சீட்டைப் புரட்டினான். "பெருசு, இதெல்லாம் நீங்க எழுதினதா? எடுத்து முடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. கிறிஸ்துமஸ் மரம் மாதிரி தொங்குது."

"எங்க தப்புன்னு பாத்தியா?"

"எதுக்குப் பாக்கணும்? மொத்தமா தூக்கிட்டு ரெடிமேட் போட்டாச்சு."

"மால்கம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா விட்டிருப்பியா?" டீக் கோப்பையை டப்பென்று மேஜையில் வைத்தான். "சொல்லவா? நீ ஒயரிங் பண்ண வண்டியில உக்கார எனக்குப் பயமா இருக்கு. போதுமா? உன் கல்யாணத்துல ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடத் தெரியாம பெருக்கல் குறி போட்டவன்டா நீ. பக்கத்துல சாட்சிக் கையெழுத்து போட்டது நான்."

இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். ஒருநாள்கூட வாய் திறந்ததில்லை. அது அவனுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறது. கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதை அவன் முகத்தில் எறியாமல் பிடித்துக்கொண்டிருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

"முடிஞ்சுது, ஏறி மிதிங்க" என்றான் கிரெய்க்.

மால்கம் ஏறி உட்கார்ந்தான். இண்டிகேட்டரைப் போட்டு பிரேக்கை மிதித்தான். பின்விளக்குகள் மங்கின. நான்கும் ஒன்றாகத் துடித்தன.

கிரெய்க் குனிந்து பார்த்தான். "மறுபடி மிதிங்க." மறுபடியும் அதேதான்.

ஒயர் எல்லாம் புதுசு. பியூஸ் புதுசு, சுவிட்ச் புதுசு. மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. பின்பக்கம் எர்த் ஒயரைச் சட்டத்தோடு சேர்க்கிற போல்ட். கிரெய்க் வேன் ரிப்பேர் பார்த்தே பழகியவனாக இருக்க வேண்டும். வேனில் உடம்பெல்லாம் தகரம், எங்கே தொட்டாலும் கரண்ட் திரும்பிப் போய்விடும். இது ஃபைபர். கரண்ட் திரும்ப அந்த ஒரு வழிதான், அந்த வழியில் கரண்டை விடாமல் மால்கம் போட்ட பூச்சு இருந்தது. சட்டத்தைக் கொண்டுபோய்க் கெட்டியாகப் பூசி அடுப்பில் சுட்டுக்கொண்டு வந்தவன், முப்பது வருஷம் துரு பிடிக்காது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தடவிக் காட்டுவான். அதன் மேலேயேதான் நானும் போல்ட்டை முடுக்கியிருந்தேன். கிரெய்க்கும் என் ஓட்டையிலேயே முடுக்கியிருந்தான்.

சுவரில் தொங்கிய பெரிய அரத்தையும் ஒரு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

"மாப்ள, என்ன பண்ற? டேய், அது பெயின்ட்டு!"

போல்ட்டைக் கழற்றி, சுற்றிலும் இரும்பு தெரியும்வரை ராவினேன். ஒரு காசு அளவு போதும். மறுபடி முடுக்கினேன்.

"மிதி" என்றேன்.

கொட்டகையின் பின்சுவர் பளீரென்று சிவந்தது. அதன்மேல் மஞ்சள் தனியாக, நிதானமாக விட்டுவிட்டு அடித்தது.

"லைட்டு எரியுது!" என்று கிரெய்க் கத்தினான். மால்கம் இறங்கி ஓடிவந்தான். அவனுடைய செருப்புகள் என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. "எரியுதுடா லென். போதும். நிறுத்து."

நான் அரத்தைப் போல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அவன் தடவிக் காட்டுகிற அந்தப் பூச்சின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி இழுத்தேன். கறுப்புத் தூள் கண்ணில் விழுந்தது. சட்டத்தின் மேல் வெள்ளை இரும்பு நீளமாகத் திறந்துகொண்டு வந்தது.